அலொட்மென்ட் தோட்டம்: கையெழுத்திடும் முன் மண்ணைப் பாருங்கள்

லண்டனில் கவுன்சில்கள், அதாவது உள்ளூராட்சி சபைகள், காய்கறி பயிரிட ஆண்டு வாடகைக்குக் கொடுக்கும் அலொட்மென்ட் காணிகளின் மீது எங்கள் ஆட்களுக்கு இப்போது பெரிய ஆசை வந்திருக்கிறது. வெந்தயக்கீரை ஒரு கட்டு, போஞ்சி அரைக்கிலோ என்று கடையில் விலை கேட்டு வெறுத்துப்போனவர்கள் எல்லோரும் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் பதிந்தேன். இங்கே ஒரு முழுக் காணி என்பது வழமையாகப் பத்துப் பேர்ச், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்துக் கணக்கில் சரியாக ஒரு பரப்பு. வலிகாமத்தில் பல பரப்பு வெங்காயம் வைத்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு ஒரு பரப்பு ஒரு பொருட்டா என்ற எண்ணம் எனக்குள் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் ஆண்டின் முடிவில் கணக்குப் பார்த்தபோது வாடகை நீங்கலாக ஏறத்தாழ 900 பவுண் போயிருந்தது. வீட்டுக்கு வந்தது சில பை உருளைக்கிழங்கும், கொஞ்சம் கீரையும், நிறைய முதுகுவலியுமே. அந்தப் பணத்தில் பெரும்பகுதி விதைக்கோ கருவிக்கோ போகவில்லை, எனக்கு முன்னர் அந்தக் காணியில் இருந்தவர்கள் விட்டுச் சென்றவற்றை அகற்றுவதற்கே போனது. அதை எனக்கு முன்கூட்டியே சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

சில ஆண்டுகள் காத்திருந்த பிறகு ஒரு மாசி மாதத்தில் (எங்கள் ஊர் வழக்கில் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி) மின்னஞ்சல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் பார்த்துச் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தபோது காணி துப்புரவாகவே தெரிந்தது. பனியில் கருகிப் படுத்த புல், ஓர் ஓரத்தில் முள்ளுப் பற்றை, மூலையில் பழைய கொட்டில் ஒன்று, அவ்வளவுதான். குளிர்காலத்தில் எந்தக் காணியும் அப்படித்தான் தெரியும் என்பதையும், இந்த நாட்டின் மிக மோசமான களைகள் அந்த மாதங்களில் மேலே ஒன்றும் காட்டாமல் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் சித்திரை மாதத்தில்தான் அறிந்தேன். கொத்தி மட்டப்படுத்தி வெங்காயம் ஊன்றிய பாத்திகளில் வெங்காயத் தாள் எழும்புவதற்கு முன்பே பைண்ட்வீட் என்ற கொடி எழும்பிவிட்டது. கோரைக்கிழங்கோடு மாரடித்தவர்களுக்கு இதன் குணம் விளங்கும்: மேலே பிடுங்கினால் கீழே சிரிக்கும். வெள்ளை நிறத்தில், தொட்டால் முறியும் வேர்; விரல்நீளத் துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் அது புதுக் கொடியாகும். வயல்வெளிகளில் காணப்படும் சிறுபூ இனத்தின் வேர்கள் பல மீற்றர் ஆழம் வரை இறங்கக்கூடியவை.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான். குளிர்காலத்தில் காணி காட்டினால் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வராதீர்கள். மண் கிளறும் முள்ளுக்கரண்டி ஒன்றைக் கொண்டுபோய், அனுமதி கேட்டு, மூன்று நான்கு இடங்களில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். இடியப்பத்தைப் பிசைந்து போட்டதுபோல வெள்ளை வேர்கள் சுருண்டு கிடந்தால் அது பைண்ட்வீட். கூர்மையான நுனியோடு வைக்கோல் நிறத்தில் விறைப்பாக ஓடினால் அது கௌச் புல். கருமையான, கணுக்கணுவான வேராக இருந்தால் மேர்ஸ் டெயில். அதை ஒழிப்பது எல்லாவற்றிலும் கடினம். வேலியையும் பக்கத்துக் காணிகளின் கம்பங்களையும் பாருங்கள், சென்ற கோடையில் சுற்றிய கொடிகளின் காய்ந்த சருகு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, பக்கத்துக் காணிக்காரரிடம் பேசுவது. இந்தக் காணி எத்தனை கைகள் மாறியது, ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். களை இருக்கிறது என்பதற்காகக் காணியை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, களையே இல்லாத காணி ஒருவருக்கும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுத்தால் முழுப் பரப்பா, பாதியா, காற்பங்கா என்பதை நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

உழும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் கிளறிவிடுவோம் என்று நான் நினைத்த வேளையில், அடுத்த காணியில் முப்பது ஆண்டுகளாகத் தோட்டம் செய்யும் யமேக்காப் பெரியவர் ஒருவர் வந்து தடுத்தார். அந்த இயந்திரம் வேர்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு கொடியை நூறு கொடியாக்கி, காணி முழுவதும் விதைத்துவிடும் என்றார். அவர் அன்று அந்தப் பக்கமாக வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் நீளமாக இருந்திருக்கும். அவருடைய சொற்படி முள்ளுக்கரண்டியால் மண்ணைக் கிளப்பி, உதறி, வேரைக் கையால் பொறுக்கினேன். பொறுக்கிய வேரைப் பசளைக் குவியலில் போடக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து அழுகவிட வேண்டும், அல்லது நன்றாகக் கருக வெயிலில் காயவிட வேண்டும். ஒரு பாத்தி அகலத்தைச் சுத்தம் செய்ய ஒரு முழுச் சனிக்கிழமை போய்விடும். வேலை முடிந்து, சமையல் முடித்து, இருட்டுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் என்று ஓடிய மாலைகளில் எனக்கு அழுகையே வந்திருக்கிறது.

அப்படிக் கிளறும்போதுதான் காணியின் நடுவில் கரண்டி இறங்க மறுத்தது. அரையடி மண்ணுக்குக் கீழே தரைவிரிப்பு கிடந்தது. களையை அடக்குவதற்காகப் பழைய விரிப்புகளைப் போட்டு மூடும் பழக்கம் முன்பு பரவலாக இருந்ததாம். ஆண்டுகள் செல்ல இலையும் மண்ணும் அதன்மேல் சேர்ந்து, புல் அதை ஊடுருவி வளர்ந்து, நைலோன் நூல்கள் வேரோடு பின்னிப்போய்விடும். சாயங்களும் இரசாயனங்களும் மண்ணுக்குள் இறங்கும் என்பதால் இப்போது பல தோட்டச் சங்கங்கள் அதைத் தடைசெய்திருக்கின்றன. ஆனால் பழையதை எடுப்பது புதிதாக வருபவரின் தலையில்தான் விழுகிறது. ஈரத்தில் ஊறிய விரிப்பின் பாரம் சொல்லி மாளாது. சவரக் கத்தியால் கீலம் கீலமாக வெட்டி இழுத்தேன். அதனடியில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் வேறு, யாரோ ஒருவர் செடி வளர்த்த கண்ணாடிக் கூடு (கிரீன்ஹவுஸ்) எக்காலத்திலோ சரிந்திருக்க வேண்டும். தடித்த கையுறை இல்லாமல் பழைய காணியில் கை வைக்க வேண்டாம். ஏற்பு ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அகற்றியவற்றைக் கொண்டுபோக வான் வாடகை, கழிவு நிலையத்தில் கட்டணம் என்று 160 பவுண் வந்தது.

கொட்டில் அதைவிட மோசம். அதன் கூரை சாம்பல் நிற நெளிதகடு. மழை ஒழுகியதால் புதிதாகப் போட நினைத்துப் பெரியவரிடம் ஏணி கேட்டேன், அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே கையை எடுக்கச் சொன்னார். அது அஸ்பெஸ்டஸ் கலந்த சீமெந்துத் தகடு. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டில்தான் அஸ்பெஸ்டஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய கொட்டில் எதிலும் அது இருக்கலாம். உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, ஆனால் உடைத்தாலோ துளைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். நிர்வாகத்திடம் கேட்டபோது கொட்டில் காணியோடு சேர்ந்தது, கையெழுத்திட்ட நாள்முதல் அது குத்தகைக்காரரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல நல்ல தமிழில் சொற்கள் இல்லை. அனுமதி பெற்ற ஆட்களை வைத்து அகற்ற 340 பவுண் கொடுத்தேன். பின்னர்தான் தெரிந்தது, சில கவுன்சில்கள் வீட்டுக்காரர்களிடமிருந்து சிறு அளவு அஸ்பெஸ்டஸை முன்பதிவின் பேரில் ஏற்றுக்கொள்கின்றன. முதலில் அதை விசாரியுங்கள். அதைவிட முக்கியம், கையெழுத்திடும் முன்பே கொட்டில், கண்ணாடிக் கூடு, புதைந்த குப்பை ஆகியவற்றை யார் அகற்றுவது என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சாவி கையில் வந்த அன்றே நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள்.

அந்தப் படங்கள் எனக்கு வேறொரு வகையில் உதவின. எங்கள் ஒப்பந்தத்தில், முதல் மூன்று மாதத்துக்குள் காணியின் காற்பங்காவது பயிர்ச்செய்கைக்கு வந்திருக்க வேண்டும் என்றும், ஆண்டு முடிவில் முக்கால்பங்கு வந்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. இடத்துக்கு இடம் அளவு வேறுபடும், ஆனால் இப்படி ஒரு நிபந்தனை பல தோட்டங்களில் உண்டு. விரிப்போடும் கொட்டிலோடும் நான் போராடிக்கொண்டிருந்த வைகாசியில், காணி பராமரிக்கப்படவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு இரவு முழுவதும் படுக்காமல் இருந்தேன். மறுநாள் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் இணைத்து எழுதிய பிறகு கால அவகாசம் கொடுத்தார்கள். கறுப்புப் பொலித்தீனோ தடித்த மட்டையோ போட்டு மூடிவைத்த பகுதியைப் பயிர்ச்செய்கைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் இடத்தில் முதல் ஆண்டுக்குச் சேர்த்தார்கள். அதன் பிறகு முக்கால்பங்கை மூடிவிட்டுக் காற்பங்கில் மட்டும் வேலை செய்தேன், மூச்சும் கொஞ்சம் திரும்பி வந்தது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடப்பது, எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். லண்டனின் பல பகுதிகளில் இருப்பது களிமண். மாரியில் சப்பாத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது அதில் மிதித்தால் இறுகிப்போய் மறுபடி கொத்த முடியாது. ஆகையால் பாத்திகளை இரண்டு பக்கமும் நின்று எட்டக்கூடிய அகலத்தில், நான்கு அடிக்குள், அமைத்து, நடப்பதற்கு வரம்பை மட்டும் பயன்படுத்த வேண்டும். அந்த மண்ணை இளக்குவதற்கு இயற்கைப் பசளை வேண்டும் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னுடைய மிகப் பெரிய இழப்பு அங்கிருந்துதான் வந்தது.

நகரத்துக்கு வெளியே குதிரை வளர்க்கும் ஓரிடத்திலிருந்து நன்கு மக்கிய சாணம் ஒரு லோட் இறக்கினேன். சாணத்துக்குக் காசில்லை, ஏற்றி இறக்க மட்டும் 90 பவுண். கறுத்து, உதிர்ந்து, வாசனையே இல்லாமல் அருமையாக இருந்தது. சுத்தம் செய்த பாத்திகள் எல்லாவற்றிலும் கலந்தேன். வீட்டு யன்னலோரத்தில் பங்குனியிலிருந்து பிள்ளைபோல வளர்த்த தக்காளிக் கன்றுகளையும் போஞ்சியையும் ஆனி தொடக்கத்தில் நட்டேன். இரண்டு வாரத்தில் நுனி இலைகள் சுருளத் தொடங்கின. பன்னத்தின் இளந்தளிர்போல ஒடுங்கி, கிண்ணம்போலக் குவிந்து, தண்டு முறுக்கி, வளர்ச்சி நின்றுபோயிற்று. நோய் என்று நினைத்து மருந்து தேடினேன், தண்ணீர் கூடிவிட்டதோ என்று நிறுத்தினேன். உருளைக்கிழங்கின் இலைகளும் அப்படியே திருகின. ஓரத்தில் நின்ற சோளத்துக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை, அது செழித்து வளர்ந்தது. அந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் பெரியவர் சாணத்தைச் சந்தேகித்தார்.

அமினோபைராலிட் என்பது புல்தரைகளில் டொக், முட்செடி, நெட்டில் போன்ற அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிக்கும் களைநாசினி. புல்லை அது கொல்வதில்லை. அந்தப் புல்லையோ அதைக் காயவைத்த வைக்கோலையோ தின்ற விலங்கின் வயிற்றில் அது சிதையாமல் சாணத்தோடு வெளியேறும். நார்த்தன்மையுள்ள தண்டுகளில் ஒட்டியிருப்பதால் சாணம் மக்கிக் குவியலாகக் கிடக்கும்போதும் நெடுங்காலம் அழியாது. தக்காளி, உருளைக்கிழங்கு, போஞ்சி, பட்டாணி, கரட், சலாது முதலியவை மிகச் சிறிய அளவையும் தாங்கமாட்டா. சோளம் புல்லினம் என்பதால் தப்பியது. 2008ஆம் ஆண்டில் இந்த நாடெங்கும் அலொட்மென்ட்காரர்களின் பயிர்கள் இவ்வாறு பாழாகி, அந்த ஆண்டு ஆடியில் இதன் விற்பனை அனுமதி இடைநிறுத்தப்பட்டு, 2009 இறுதியில் கடும் நிபந்தனைகளுடன் திரும்பக் கொடுக்கப்பட்டது. நிபந்தனை கடதாசியில் இருக்கிறது. வைக்கோல் கைமாறிக் கைமாறிக் குதிரைக்காரரிடம் வரும்போது எந்த வயலில் என்ன தெளித்தார்கள் என்று அவருக்கே தெரிவதில்லை. எனக்குச் சாணம் தந்தவர் பொய் சொன்னார் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஒரு தக்காளி இல்லை.

இதற்கு மலிவான சோதனை ஒன்று உண்டு, காசு செலவழிக்கும் முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். குவியலின் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாணம் எடுத்து, கடையில் வாங்கிய நாற்று மண்ணோடு கலந்து, சில சாடிகளில் நிரப்புங்கள். வேறு சில சாடிகளில் அந்த நாற்று மண்ணை மட்டும் நிரப்புங்கள். எல்லாவற்றிலும் புரோட் பீன்ஸ் என்ற அவரை வகையின் விதை போட்டு, ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போகாதபடி தனித்தனித் தட்டில் வைத்து, முளைத்து மூன்று அடுக்கு இலை விடும்வரை ஏறத்தாழ ஒரு மாதம் பாருங்கள். சாணம் கலந்த சாடிகளில் மட்டும் இலை சுருண்டால் அந்தச் சாணம் வேண்டாம். ஏற்கெனவே கலந்துவிட்டவர்கள் மண்ணை அடிக்கடி கிளறிவிட வேண்டும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் நஞ்சைச் சிதைக்கின்றன. அந்த நிலத்தில் அடுத்த பருவத்துக்குச் சோளம் போடலாம். பாதிக்கப்பட்ட செடிகளைப் பசளைக் குவியலில் சேர்க்கக்கூடாது. நான் அடுத்த வசந்தத்தில் அதே பாத்தி மண்ணில் புரோட் பீன்ஸ் போட்டுப் பார்த்து, இலை நேராக விரிந்த பிறகே மீண்டும் தக்காளி நட்டேன்.

என்ன பயிரிடுவது என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனில் வைகாசி நடுப்பகுதி வரை இரவில் உறைபனி விழக்கூடும். தைப்பொங்கலோடு விதைக்கும் ஆசை வந்தால் மிளகாயை யன்னலோரத்தில் போடுங்கள், வெளியே அல்ல. வெந்தயமும் கொத்தமல்லியும் சித்திரையிலேயே வெளியில் வரும். தண்டுக்கீரைக்கு மண் சூடாக வேண்டும், ஆனிக்கு முன் விதைத்தால் முளைக்காமல் அழுகிவிடும். பூசணி நன்றாக வருகிறது. கத்தரிக்கும் பாகலுக்கும் கண்ணாடிக் கூடு இல்லாமல் முயலாதீர்கள். உள்ளி ஐப்பசியில் ஊன்றினால் அடுத்த ஆடியில் கிடைக்கும்.

இரண்டாம் ஆண்டில் என் செலவு, வாடகை உட்பட, 150 பவுணைத் தாண்டவில்லை. பாதிக் காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சங்கம் அதை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்தது. வேலைக்குப் போகும் ஒருவர் தனியாகச் செய்வதானால் பாதியே அதிகம். வெட்டுக்கருவி எதையும் புதிதாக வாங்க வேண்டாம், வயது போய்க் காணியை விடுபவர்கள் நல்ல உருக்குக் கரண்டிகளைச் சும்மாவே தருகிறார்கள். ஊரிலிருந்து வந்த உழவாரம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்து இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விளைச்சலைக் கடைக்குப் போடலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1922ஆம் ஆண்டுச் சட்டம் அலொட்மென்ட் தோட்டத்தை, பெரும்பாலும் குத்தகைக்காரரும் அவருடைய குடும்பமும் உண்பதற்கான காய்கனி விளைவிக்கும் நிலம் என்றே வரையறுக்கிறது. அதை வியாபாரமாக்கினால் குத்தகை போய்விடக்கூடும்.

இன்னும் பெயர் பதியாதவர்கள், தங்கள் பகுதியில் தோட்டங்கள் இருந்தால் எல்லாவற்றிலும் தனித்தனியாகப் பதியுங்கள். சில இடங்களில் கவுன்சிலிடமும் சில இடங்களில் சங்கத்திடமும் பதிய வேண்டும். பட்டியலே மூடப்பட்டுவிட்டது என்று சொன்னால் 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கையில் இருக்கிறது. வாக்காளராகப் பதிந்தவர்களோ கவுன்சில் வரி செலுத்துபவர்களோ ஆறு பேர் சேர்ந்து, எங்களுக்கு அலொட்மென்ட் தேவை என்று எழுத்தில் கொடுத்தால் கவுன்சில் அதைக் கவனத்தில் எடுத்தே ஆக வேண்டும். உள்லண்டன் கவுன்சில்களுக்கு இந்தக் கடமை 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஹரோ, பிரென்ட், ஈலிங், ரெட்பிரிட்ஜ், மேர்ட்டன் போன்று எங்கள் ஆட்கள் அதிகம் வாழும் வெளிலண்டன் பகுதிகளுக்கு அது இன்றும் உண்டு. ஆறு கையெழுத்து வாங்குவதற்கு ஒரு கோயில் திருவிழா போதும்.